தண்டவாளத்தின் மேல் ஒரு கோடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இங்கே நான், உன் அத்தான், மாடி வீட்டுக் கணக்கு டீச்சர், அவளுடைய குழந்தை எல்லாரும் சௌக்கியம். நீயும் நீ காவல் காக்கிற கப்பல் எஞ்சினும் அதேபோல் இருக்க வேண்டும். வழக்கமாக உன் இருமல், உன் தூக்கம், கப்பல் சமையல்காரர் இன்னும் உப்பை அள்ளிப் போடுகிறாரா என்பதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு விசாரித்துவிட்டுத்தான் மற்றதற்கு வருவேன். இந்தத் தடவை அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை. எல்லாம் நல்லபடியாக இருப்பதாக நானே வைத்துக்கொள்கிறேன். விஷயம் என்னவென்றால், நான் ஜெயித்துவிட்டேன்டா! தேர்தலில் இல்லை, பயப்படாதே. மத்திய நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்புகிற தொகுதி இருக்கிறதே, அந்தத் தொகுதியின் எல்லைக் கோட்டைப் பிடித்து அரைக் கிலோமீட்டர் தள்ளி வைத்திருக்கிறேன். உன் அக்கா, ஓய்வு பெற்ற தபால் பிரிப்பவள், ஒற்றை ஆளாக. சரி, ஒற்றை ஆளாக என்றால் ரொட்டிக் கடைக்காரர் கோபித்துக்கொள்வார். வேன் அவருடையது.

எங்கள் தெரு நேராகப் போய் முட்டுகிற இடம் ரயில்வே கேட் என்பது உனக்குத் தெரியும். கேட்டுக்கு மேற்கே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரொட்டிக் கடை. கிழக்கே நாங்கள். அதாவது மனிதனுக்கு அவசரமாகத் தேவைப்படுகிற எல்லாம் அந்தப் பக்கம், அவசரப்படுகிறவர்கள் எல்லாம் இந்தப் பக்கம். நீ வந்திருந்த காலத்தில் கேட் மூடினால் ஐந்து நிமிஷத்தில் திறந்துவிடும். இப்போது சரக்கு ரயில் நீளமாகிவிட்டது. வந்த ரயில் போகிறதா என்றால் அதுவும் இல்லை, சரியாக எங்கள் தெருமுனைக்கு வந்ததும் களைப்பாறுகிறது. போன வருஷம் கணக்கு டீச்சருக்கு வலி எடுத்தபோது இப்படித்தான். அவள் வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருந்தார். ரொட்டி இறக்க வந்திருந்த வேனில் அவளை ஏற்றிக்கொண்டு ஓடினோம். கேட் மூடியிருந்தது. ரொட்டிக் கடைக்காரர் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்து, “டீச்சர், கொஞ்சம் பொறுத்துக்குங்க, இன்னும் பதினஞ்சு பெட்டிதான் பாக்கி” என்றார். அவள், “நான் பொறுப்பேங்க, இது பொறுக்காது!” என்று கத்தினாள். பொறுக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் தபால் பிரித்த என் கை முதல் தடவையாக ஒரு பிள்ளையை வாங்கியது, ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில். பதிவு அலுவலகத்தில் “பிறந்த இடம்?” என்று கேட்டார்கள். “கேட்டுக்கு இந்தப் பக்கம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதையே எழுதிக்கொண்டார்கள். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறாள், கவலைப்படாதே. ஆனால் வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டது கிடையாது.

அதற்கு முன்னாலிருந்தே உன் அத்தான் தண்டவாளத்தின் மேலே ஒரு நடைமேம்பாலம் வேண்டும், ஸ்ட்ரெச்சர் போகிற மாதிரி இரண்டு முனையிலும் லிஃப்ட் வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் இல்லையா, மனிதர்களை ஏற்றி இறக்குவது உலகத்திலேயே சுலபமான காரியம் என்பது அவர் அபிப்பிராயம். எங்கள் எம்.பி.யை உனக்கு நினைவிருக்கும், ஒரு ஆளுக்கே இரண்டு தடவை கை கொடுப்பதால் தெருவில் அவருக்குக் கைகுலுக்கி என்று பெயர். ஆறு வருஷம் எங்கள் கையைக் குலுக்கினார். டீச்சர் குழந்தை விஷயம் பத்திரிகையில் வந்த பிறகு மனுஷனுக்கு வேகம் வந்தது. ரயில்வேக்கு எழுதினார், மேலே போய்ப் பேசினார், வரைபடமே வந்துவிட்டது. ரயில்வே ஒரே ஒரு நிபந்தனை போட்டது: பாலத்தின் இரண்டு முனைக்கும் ஒரே எம்.பி. பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். “இதென்ன பெரிய விஷயம், ரெண்டு பக்கமும் என் தொகுதிதானே” என்று சொல்லி உன் அத்தானின் கையை மூன்றாவது தடவையும் குலுக்கினார்.

அந்தக் கையெழுத்து விழுவதற்கு முந்தின திங்கட்கிழமை காலை, பேப்பரில் முழுப் பக்கத்துக்கு ஒரு வரைபடம். தொகுதிகளின் எல்லைகளை மறுபடி வரைகிறார்களாம். ஒவ்வொரு தொகுதியிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் ஜனம் இருக்க வேண்டுமாம். கிழக்குத் தொகுதியில் நாலாயிரம் தலை குறைகிறதாம். அதற்காக மேற்குத் தொகுதியின் ஓரத்தைக் கத்தரித்து அதில் ஒட்டியிருந்தார்கள். கத்தரித்த இடம் எது? தண்டவாளம்! கிழக்கே நாங்கள் ஒரு தொகுதி, மேற்கே ஆஸ்பத்திரி இன்னொரு தொகுதி. உன் அத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். கோடு எங்கள் பாலத்தின் நட்டநடுவில் ஓடியது. இன்னும் கட்டாத பாலத்தை ஒருவர் இரண்டாக வெட்டி நான் கேள்விப்பட்டதே இல்லை.

கைகுலுக்கியின் அலுவலகத்துக்கு ஓடினோம். அன்றைக்கு அவர் கையையே நீட்டவில்லை. “அம்மா, நான் என்ன பண்ணட்டும்? பாலத்தோட உங்க முனை இனிமே என் தொகுதியில வராதே. இறங்குற இடத்துக்கு வேணா கையெழுத்துப் போடறேன்” என்றார். “ஏறாம எப்படிங்க இறங்குறது?” என்று உன் அத்தான் கேட்டார். “நல்ல கேள்வி” என்று எம்.பி. குறித்து வைத்துக்கொண்டார். அங்கிருந்து கிழக்குத் தொகுதி எம்.பி.யைப் பார்க்கப் போனோம். அந்த அம்மாள் தொழிலுக்கு மாட்டு டாக்டர், எம்.பி. ஆன பிறகும் வைத்தியத்தை விடவில்லை. ஒரு பண்ணையில், முழங்கை வரை பசுவுக்குள் கையை விட்டபடி எங்கள் கதை முழுவதையும் கேட்டாள். “இன்னிக்கு நீங்க என் தொகுதி இல்ல. அடுத்த தேர்தல்லதான் வருவீங்க. வந்தாலும் பாதிப் பாலம்தான் எனக்கு. நான் போடுற பாதிக் கையெழுத்தை ரயில்வே வாங்குமா?” என்றாள். பசு ஒரு உதை விட்டது. அதைச் சமாதானப்படுத்திவிட்டு, “இங்க பாருங்க, அது இன்னும் வரைவுதான். வியாழக்கிழமை நகரசபைக் கட்டடத்துல கருத்துக்கேட்பு வெச்சிருக்காங்க. யாரும் போறதில்ல, கட்சி வக்கீலுங்கதான் போவாங்க. நீங்க போய்ப் பேசுங்க. ஆனா ஒண்ணு, அழுதா நடக்காது. தலை எண்ணிக்கை சொன்னாத்தான் அவங்களுக்குக் காது கேக்கும்” என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த மூன்று நாளும் வீட்டில் அடுப்பு எரிந்ததே அதிசயம். உன் அத்தான் தீக்குச்சியால் பாலம் செய்தார், இரண்டு லிஃப்டும் நூலில் ஏறி இறங்கும். நான் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். கோட்டைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடுகிற கால்வாயில் போட்டால் என்ன? பாலத்தின் இரண்டு முனையும் கிழக்குத் தொகுதிக்குப் போய்விடும், ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் வரைவின் பின்னிணைப்பில் போட்டிருந்தது: தண்டவாளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் குடியிருக்கிறார்களாம். அவ்வளவு பேரைச் சேர்த்தால் கிழக்குத் தொகுதி அளவை மீறிவிடும். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பத்தொரு வருஷம் அந்தப் பகுதித் தபால் என் கையால் பிரிந்தது. அங்கே எத்தனை கதவு என்று எனக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை நடந்ததைக் கேள். பத்தரைக்குக் கருத்துக்கேட்பு. ஒன்பதரைக்கு ரொட்டிக் கடைக்காரர் வேனில் நான், அத்தான், கைக்குழந்தையோடு டீச்சர் ஏறினோம். கேட் மூடியிருந்தது. ஐம்பத்திரண்டு பெட்டி. நாற்பதாவது பெட்டி எங்களுக்கு நேராக வந்து நின்றுகொண்டது. உன் அத்தான் கீழே இறங்கி, கேட்காரரிடம், “ஐயா, இந்தக் கேட்டைப் பத்திப் புகார் சொல்லத்தான் போறோம், கொஞ்சம் சீக்கிரம் விடுங்க” என்றார். “புகாரா? என்னையும் சேர்த்துச் சொல்லுங்க சார், வர்றவன் போறவன் எல்லாம் என்னையே திட்டுறான்” என்றார் அவர். ஒருவழியாகக் கேட் திறந்து வேன் எகிறிக் கிளம்பியபோது, உட்கார இடம் பார்க்காமல் ரொட்டிக் கடைக்காரரின் தங்கை ஓடிவந்து ஏறி, தீக்குச்சிப் பாலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நல்ல கனமான பெண். உன் அத்தான் ஒரு தீக்குச்சியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு மனசே கேட்கவில்லை. நகரசபைக் கட்டடத்தில் நுழைந்ததும் அவர் துக்கத்தில் படி மாறி ஏறி, சாலையோர மரங்களை வெட்டுவது பற்றிய கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே அவர் முறை வந்ததும் பாலத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினாராம். கைதட்டினார்களாம். எந்த மரம் என்று மட்டும் கேட்டார்களாம்.

எங்கள் அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி. ஒரு பக்கம் வரைபட அதிகாரி, அவர் முன்னால் கணினி. இன்னொரு பக்கம் மணி அடிக்கிற அம்மாள், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று கணக்கு. இரண்டு கட்சி வக்கீல்கள் பேசி முடித்திருந்தார்கள், ஜன்னலோரத்தில் ஒரு நிருபர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன், எழுதி வைத்திருந்த காகிதம் டீச்சர் குழந்தையின் வாயில் இருந்தது. பிடுங்கினால் பாதிதான் வந்தது. அப்புறம் வரைபடத்தைப் பார்த்தேன், சுவரில் பெரிதாகத் தொங்கியது. பார்த்ததும் என் பழைய பிரிக்கும் மேஜை முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

“ஐயா, தண்டவாளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவுல ரெண்டாயிரத்து முந்நூறு பேர்னு போட்டிருக்கீங்க. அங்க இருக்கறது இருபத்திமூணு பேர்” என்றேன்.

வரைபட அதிகாரி சிரித்தார். “அம்மா, இது அரசாங்கக் கணக்கு.”

“இருக்கட்டும். நான் கதவு கதவா சொல்றேன், நீங்க எண்ணுங்க. ஆஸ்பத்திரி நோயாளிங்க கணக்குல வர மாட்டாங்க, அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. குவார்ட்டர்ஸ்ல நாலு நர்ஸ். காவலாளி, அவர் சம்சாரம், மாமனார். ரொட்டிக் கடைக்கு மேல ஆறு பேர். பள்ளிக்கூடத்துக்குள்ள தலைமை ஆசிரியை, அவங்க வீட்டுக்காரர், ரெண்டு பொண்ணுங்க. கால்வாய் மதகுப் பக்கம் பைண்டிங் கடைக்காரர் குடும்பம் அஞ்சு பேர். அவருக்கு எதிர்ல தனியா ஒரு வயலின் வாத்தியார், தபாலை வாங்கவே கதவைத் திறக்க மாட்டார், ஆனா இருக்கார். எத்தனை ஆச்சு?”

மணி அடிக்கிற அம்மாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். “இருபத்திமூணுங்க” என்று அவளே தலைவரிடம் சொன்னாள்.

“அப்ப மீதி ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர் எங்கே?” என்றார் தலைவர்.

“ஆலைக் குடியிருப்புங்க ஐயா. பத்து மாடி, எட்டுக் கட்டடம். ஆலை மூடினதும் இடிச்சுட்டாங்க. ஏழு வருஷம் ஆச்சு. இப்ப அங்க ஆஸ்பத்திரி வண்டிங்க நிக்குது. அந்த விலாசத்துக்கு வந்த கடுதாசி ஒவ்வொண்ணுலயும் ‘இடிக்கப்பட்டது’ன்னு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினது இந்தக் கைதான். உங்க இலாகா அனுப்பின கடுதாசிக்கும் நான் குத்தினேன். ஒண்ணு ரெண்டு இல்ல, மூட்டை மூட்டையா.”

அறை முழுக்கச் சிரிப்பு. வக்கீல்கள்கூடச் சிரித்தார்கள். நிருபர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிகாரி கணினியில் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கினார். கட்டடங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக வண்டிகள். அவர் காது சிவந்துவிட்டது, பாவம், இளவயசுப் பிள்ளை. ஐந்து நிமிஷம் முடிந்து வெகு நேரம் ஆகியும் மணி அடிக்கவில்லை. நான் கால்வாயைக் காட்டி, கோட்டை அங்கே போடுங்கள், இருபத்திமூன்று தலைதான் கூடும் என்றேன். எதற்காக இது எனக்கு இவ்வளவு முக்கியம் என்று தலைவர் கேட்டார். மாட்டு டாக்டர் அழக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அதனால் நான் டீச்சர் பக்கம் கையைக் காட்டினேன். டீச்சர் எழுந்து, குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “ஐயா, இவ கேட்டுக்கு இந்தப் பக்கம் பொறந்தவ, ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியற தூரத்துல இருந்தது.” தலைவர் தலையைக் குனிந்து ஏதோ நீளமாக எழுதினார்.

மூன்று வாரம் நான் தபால்காரரை வாசலிலேயே மடக்கிக்கொண்டிருந்தேன். நேற்று அரசிதழ் வந்தது! கிழக்கு, மேற்குத் தொகுதிகளின் எல்லை: கால்வாய்! இரண்டு முனையும் கிழக்கு! நான் வாய்விட்டுப் படித்தேன், உன் அத்தான் மறுபடி படிக்கச் சொன்னார், டீச்சர் மாடியிலிருந்து ஓடிவந்து மூன்றாவது தடவை படிக்கச் சொன்னாள். ரொட்டிக் கடைக்காரர் தெரு முழுக்க இனிப்பு பன் கொடுத்தார். பத்திரிகையில் என் படம் வந்திருக்கிறது, கீழே ‘ரொட்டிக் கடை உரிமையாளர்’ என்று போட்டிருக்கிறார்கள், பரவாயில்லை, அவர்தான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாட்டு டாக்டர் பண்ணையிலிருந்து நேராக வந்து, சேற்றுப் பூட்ஸோடு வாசலில் நின்றபடியே எழுதிக் கொடுத்தாள்: ஜெயித்தால் முதல் கையெழுத்து பாலத்துக்குத்தான். கைகுலுக்கி போன் பண்ணினார். “என்னம்மா இது, பாலம் கேட்டீங்க சரி, என் ஆஸ்பத்திரியையே கொண்டு போயிட்டீங்களே! போன மாசம்தான் என் பெயர் போட்டுக் கல்வெட்டு வெச்சேன்” என்று புலம்பினார். கல்வெட்டை வேண்டுமானால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று உன் அத்தான் சொல்லிவிட்டார். நேற்றிலிருந்து அத்தான் தரையில் நடக்கவில்லை. புதிதாகத் தீக்குச்சி வாங்கி வந்திருக்கிறார். அடுத்த வருஷம் தேர்தல், அதற்கடுத்து கையெழுத்து, அதற்கடுத்து பாலம். காத்திருக்கத் தெரிந்த குடும்பம்தானே நம்முடையது. நீ அடுத்த விடுமுறைக்கு வரும்போது மேலே ஏறி நின்று கீழே போகிற சரக்கு ரயிலைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வரலாம்.

கடலும் காற்றும் உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. கப்பல் தலைவருக்கு என் வணக்கம், சமையல்காரருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி என் விண்ணப்பம். அத்தான் தனியாக எழுதுவதாகச் சொல்கிறார், நம்பாதே.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அக்கா

பி.கு.: இந்த உறையை ஒட்டித் தபால்தலையும் போட்டாயிற்று. இப்போது ஆவி காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். நான் இப்படிப் பிரித்தது இலாகாவில் யாருக்கும் தெரிய வேண்டாம். இன்று காலை ரேடியோவில் சொல்லிவிட்டார்கள், நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்களாம். ஆறு வாரத்தில் தேர்தல். புதிய எல்லை வருஷம் பிறந்த பிறகுதான் அமலுக்கு வருமாம், ஆகவே இந்தத் தேர்தல் பழைய கோட்டில்தான். நாங்களும் மேற்கு, ஆஸ்பத்திரியும் மேற்கு, கைகுலுக்கிதான் எம்.பி., அவருக்குத்தான் எங்கள் தெரு ஓட்டு வேண்டும். செய்தி முடிந்து ஒரு மணி நேரத்தில் அவர் ரயில்வேக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இதோ, தெருமுனையில் மூன்று லாரியும் பள்ளம் தோண்டுகிற இயந்திரமும் வந்து நிற்கின்றன. உன் அத்தான் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரிக்கிறார், டீச்சர் அழுகிறாள். மாட்டு டாக்டருக்கு எந்த முகத்தோடு போன் பண்ணுவது என்று தெரியாமல் பண்ணினேன். “பாலம் வருதா இல்லையா? அப்புறம் என்ன, போனை வைங்க, இங்க ஒரு கன்னுக்குட்டி கால் முன்னால வருது” என்றாள். ஆக, நான் கோட்டை நகர்த்தியதற்கும் பாலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேலே எழுதியதைக் கப்பலில் யாருக்கும் படித்துக் காட்டாதே. எனக்கு மனசு ஆறாமல் இயந்திரக்காரரிடம் போய், “ஏங்க, இது எந்தத் தொகுதிப் பாலம்?” என்று கேட்டேன். அவர் எஞ்சினை நிறுத்தாமலே, “எனக்கெப்படிம்மா தெரியும், தோண்டச் சொன்னாங்க, தோண்டறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நீங்க நிக்கிற இடத்துலதான் தூண் வருது” என்றார்.